கீழக்கரை வணிகக் குடும்பத்தின் வரலாற்றைப் பத்திரங்களிலும் பழைய செய்தித்தாள்களிலும் தேடுவது எப்படி?

உங்கள் கேள்வியின் சாரம் இது: பாட்டனாரின் தந்தையார் காலத்தில் கீழக்கரையில் சங்கு வியாபாரமும் கொழும்பில் ஒரு ஜவுளிக் கடையும் இருந்ததாக வீட்டில் சொல்லக் கேட்டிருக்கிறீர்கள், தகரப் பெட்டியில் ஒரு கட்டுப் பழைய பத்திரங்கள் இருக்கின்றன, இணையத்தில் கிடைக்கும் பழைய செய்தித்தாள்களில் அவர் பெயரைத் தேடியபோது அதே பெயரில் பலர் வந்தார்களே தவிர, அவர்களில் உங்களவர் யார் என்று பிடிபடவில்லை. செய்தித்தாளில் தொடங்கியதால்தான் இந்தச் சிக்கல் வந்தது என்பது என் கருத்து. இராமநாதபுரம் கடற்கரையைப் பொறுத்தவரை ஆளின் பெயரைப் போலப் பலவீனமான தடயம் வேறில்லை. வீட்டின் நான்கெல்லையைப் போல வலுவான தடயமும் வேறில்லை. ஆகவே முதலில் பத்திரங்களைக் கொண்டு இடம், உறவு, தேதி ஆகிய மூன்றையும் உறுதிசெய்துகொண்டு, அந்தத் தேதிகளோடு செய்தித்தாளுக்குப் போவதே முறை.

பெயர் ஏன் உதவாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடும் வழக்கம் இங்கே மரைக்காயர், லெப்பை குடும்பங்களிலும் உண்டு, செட்டியார், நாடார், பரதவர் குடும்பங்களிலும் உண்டு. ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை ஒரே பெயர் வருவதாலும், அண்ணன் தம்பி பிள்ளைகள் இருவருக்கும் ஒரே பாட்டனார் பெயர் விழுவதாலும், 1890-இல் கையெழுத்திட்ட அப்துல் காதரும் 1930-இல் கையெழுத்திட்ட அப்துல் காதரும் ஒருவரே என்று எண்ணி இரண்டு தலைமுறையை ஒன்றாக்கிவிடுவது எளிது. இதைக் கண்டறிய உதவுவது விலாசம், அதாவது பெயருக்கு முன் வரும் எழுத்துகளின் வரிசை. தலைமுறைதோறும் ஓர் எழுத்து கூடுவதும் உண்டு, கடையின் பழைய விலாசத்தை மாற்றாமலே பிள்ளைகள் பயன்படுத்துவதும் உண்டு. எனவே ஒவ்வொரு ஆவணத்திலும் விலாசம் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதி வையுங்கள். திருத்தியோ விரித்தோ எழுத வேண்டாம். ஆங்கில ஏடுகளில் தேடும்போது மரைக்காயர் என்பது மரிக்கார், மார்க்கார், மரைக்கார் என்றெல்லாம் வரும்; ஊர்ப் பெயரும் கிலக்கரை, கீலகரை என்று உருமாறும்.

இனிப் பத்திரக் கட்டுக்கு வருவோம். வாசகத்தைப் படிக்கும் முன் தாளைப் பாருங்கள். முத்திரைத்தாளில் உள்ள தலை விக்டோரியா அரசியுடையதா, ஏழாம் எட்வர்டுடையதா, ஐந்தாம் ஜார்ஜுடையதா என்பதே காலத்தை ஓரளவு வரையறுத்துவிடும். தாளின் பின்புறத்தில் முத்திரைத்தாள் விற்றவர் எந்தத் தேதியில், எந்த ஊரில், யாருக்கு விற்றார் என்று குறித்திருப்பார். தாளை வாங்கியவர் சில வேளைகளில் பத்திரத்தில் வேறெங்கும் பெயர் வராத மைத்துனராகவோ கணக்கப்பிள்ளையாகவோ இருப்பார். வாசகத்தில் ௵ என்பது வருடம், ௴ மாதம், ௳ தேதி, ௹ ரூபாய், ௸ மேற்படி. தொகைகள் ௧, ௰, ௱, ௲ என்ற தமிழ் எண்களிலும் ரூபாய், அணா, பைசா என்ற கணக்கிலும் இருக்கும். ௸ குறியைக் கவனிக்காமல் விட்டால் 'மேற்படியார்' யார் என்பது மாறிப்போகும், விற்றவர் வாங்கியவராகிவிடுவார்.

தேதி இந்தக் கடற்கரையில் நான்கு விதமாக வரும். ஆங்கிலத் தேதி இருந்தால் கவலையில்லை. தமிழ் வருடப் பெயர் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்புவதால் 'தாது' என்று மட்டும் இருந்தால் அது பெரும் பஞ்சம் வந்த 1876-77 ஆகவும் இருக்கலாம், 1936-37 ஆகவும் இருக்கலாம். முத்திரைத்தாளின் தலை இதைத் தீர்த்துவைக்கும். பசலி என்ற வருவாய்க் கணக்கு ஆண்டோடு 590 கூட்டினால் அந்தப் பசலி தொடங்கும் ஆங்கில ஆண்டு கிடைக்கும்: பசலி 1310 என்பது 1900 ஜூலை முதல் 1901 ஜூன் வரை. ஹிஜ்ரி ஆண்டு சந்திர ஆண்டானதால் இப்படி ஒரே எண்ணைக் கூட்டிக் கணக்கிட முடியாது. அட்டவணையைத்தான் பார்க்க வேண்டும். ஹிஜ்ரி 1318 என்பது ஏறத்தாழ 1900 மே முதல் 1901 ஏப்ரல் வரை. பத்திரம் தன்னை 'மதுரை ஜில்லா' என்று சொல்லிக்கொண்டால் அது 1910-க்கு முந்தையது என்று பெரும்பாலும் கொள்ளலாம். அந்த ஆண்டில்தான் மதுரை, திருநெல்வேலி ஜில்லாக்களிலிருந்து பிரித்து இராமநாதபுரம் ஜில்லா அமைக்கப்பட்டது.

பத்திரத்தின் உயிர் சொத்து விவரத்தில் இருக்கிறது. 'கிழமேலோடும் தெருவுக்கு வடக்கு, இன்னார் வீட்டுக்குக் கிழக்கு, இன்னார் காலிமனைக்குத் தெற்கு, இன்னார் வீட்டுக்கு மேற்கு, இதன் மத்தியில் உள்ள கட்டுக்கோப்பு' என்பது வழக்கமான நடை. இதில் புதியவர்கள் தடுமாறும் இடம் ஒன்றுண்டு: 'இன்னார் வீட்டுக்குக் கிழக்கு' என்றால் அந்த இன்னாருடைய வீடு நம் மனைக்கு மேற்கே இருக்கிறது என்று பொருள். நான்கு பத்திரங்களின் எல்லைகளையும் ஒரு தாளில் வரைந்து பார்த்தால் தெருவே எழுந்து நிற்கும். 1895-இல் மேற்கே இருந்தவரின் பெயர் 1912-இல் 'மேற்படியார் வாரிசுகள்' என்று மாறியிருந்தால், அந்த அண்டை வீட்டுக்காரர் இடைப்பட்ட காலத்தில் இறந்துவிட்டார் என்று அறிகிறோம். அந்த அண்டை வீட்டுக்காரர் பெரும்பாலும் உறவினராகவே இருப்பார், ஏனென்றால் பாகப்பிரிவினையில் ஒரே வீடு இரண்டாவதும் ஒரே மனை நான்காவதும் இங்கே சாதாரணம். சர்வே எண்ணைத் தேடிக் களைக்க வேண்டாம். இது சேதுபதிகளின் ஜமீன் பகுதி. 1803-இல் நிரந்தர ஜமீனாக வழங்கப்பட்டு, 1948-ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டத்தின்படி 1949-இல் அரசு எடுத்துக்கொண்டது. உழவர்கள் நேரடியாக அரசுக்கு வரி கட்டிய ரயத்துவாரி பகுதிகளில் உள்ளதுபோல அரசு சர்வே எண் பழைய பத்திரங்களில் இராது. பைமாஷ் எண் (பழைய நில அளவை எண்) இருக்கலாம், நத்தம் மனைகளுக்கு அதுவும் இல்லாமல் எல்லை மட்டுமே இருக்கலாம்.

அடுத்து, பத்திரத்தில் 'எனக்குப் பிதுரார்ஜிதமாய்ப் (தந்தைவழிச் சொத்தாக) பாத்தியப்பட்டு' என்றோ 'இன்ன தேதியில் இன்னாரிடம் கிரயம் பெற்று' என்றோ வரும் வரி முந்தைய பத்திரத்துக்கு வழிகாட்டும். இப்படி ஒவ்வொன்றாகப் பின்னோக்கிப் போனால் மூல ஆவணமான தாய்ப்பத்திரம் வரை போகலாம்.

பலரும் பார்க்காமல் விடுவது பின்பக்கத்தில் சப் ரிஜிஸ்தர் எழுதிய குறிப்பு. பத்திரத்தை எந்த நாளில், எத்தனை மணிக்கு, யார் தாக்கல் செய்தார், பணம் தம் முன்னிலையில் கொடுக்கப்பட்டதா, எழுதிக்கொடுத்தவரை அடையாளம் காட்டியவர்கள் யார், அவர்களுடைய தகப்பனார் பெயர், ஊர், தொழில் என்ன என்பதெல்லாம் அதில் இருக்கும். கீழக்கரை போன்ற ஊர்களில் இதற்கு இன்னொரு மதிப்பும் உண்டு. கோஷாப் பெண்கள், அதாவது திரைமறைவில் வாழ்ந்த பெண்கள், பதிவு அலுவலகத்துக்கு வருவதில்லை. நேரில் வருவதிலிருந்து விலக்குப் பெற்றவர்களிடம் பதிவு அதிகாரி தாமே வீட்டுக்குச் சென்றோ கமிஷன் அனுப்பியோ வாக்குமூலம் பெறலாம் என்று சட்டத்தில் இடமிருந்தது. அப்படிப் பெற்ற குறிப்பில் அந்தப் பெண்மணியின் பெயர், கணவர் பெயர், வீடு இருந்த தெரு, அவரை அடையாளம் காட்டிய தம்பி அல்லது மகன் பெயர் என்று, வேறெந்தக் காகிதத்திலும் கிடைக்காத செய்திகள் ஒரே பத்தியில் வந்துவிடும். அதேபோல, எழுதிக்கொடுத்தவருக்காக 'பவர் ஏஜெண்டு' கையெழுத்திட்டிருந்தால், அந்தப் பவர் எந்த ஊரில், எந்த நொத்தாரிசு (நோட்டரி) முன் எழுதப்பட்டது என்று பாருங்கள். கொழும்பு என்று இருந்தால், அந்த ஆண்டில் உங்களவர் கொழும்பில் இருந்தார் என்பதற்கு அதைவிட நல்ல சான்று தேவையில்லை. கையெழுத்து அரபுத் தமிழில், அதாவது அரபு எழுத்தில் எழுதிய தமிழில், இருந்தால் படம் எடுத்து வைத்துக்கொண்டு, அதைப் படிக்கத் தெரிந்த ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் காட்டுங்கள். தகப்பனார் பெயர் தமிழ் வாசகத்தில் விடுபட்டு, அந்தக் கையெழுத்தில் மட்டும் இருப்பதும் உண்டு.

கையில் இல்லாத பத்திரங்களுக்குப் பதிவு அலுவலகம். அனைத்திந்தியப் பதிவுமுறை 1865 முதல் நடைமுறையில் உள்ளது. நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்துக் கிரயங்கள் கட்டாயம் பதிவாகியிருக்க வேண்டும். இணையவழி வில்லங்கச் சான்று உங்களுக்குத் தேவையான காலத்தை எட்டாது; கைமுறைத் தேடலுக்குத்தான் மனு செய்ய வேண்டும். 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 57-ஆம் பிரிவின்படி, அசையாச் சொத்துப் பத்திரங்கள் பதிவாகும் முதல் புத்தகத்தையும் அதன் அட்டவணைகளையும் கட்டணம் செலுத்தி எவரும் பார்க்கலாம். உயில்கள் உள்ள மூன்றாம் புத்தகத்திலிருந்து, எழுதியவர் இறந்த பிறகு எவரும் நகல் கேட்கலாம். பொதுப் பவர் முதலானவை உள்ள நான்காம் புத்தகத்துக்கு மட்டும் உரியவரோ அவருடைய பிரதிநிதியோதான் மனு செய்ய முடியும். நீங்கள் வாரிசு என்பதற்கான சான்றை உடன் கொண்டுபோங்கள். ஆள் பெயர் அட்டவணை, சொத்து அட்டவணை என்று இரண்டு உண்டு. நான் எப்போதும் இரண்டாவதைத்தான் முதலில் கேட்கச் சொல்வேன். அலுவலக எல்லைகள் மாறியிருக்கும் என்பதால், உங்கள் பத்திரத்தின் முத்திரையில் எந்தச் சப் ரிஜிஸ்தர் பெயர் உள்ளதோ அந்த அலுவலகத்தின் பழைய புத்தகங்கள் இப்போது எங்கே உள்ளன என்று மாவட்டப் பதிவாளரிடம் கேளுங்கள். நீதிமன்ற ஆவணங்களுக்கு மதுரையையும் கணக்கில் கொள்ள வேண்டும். இராமநாதபுரம் ஜில்லாவுக்கான நீதிமன்றம் நெடுங்காலம் மதுரையிலேயே இருந்தது.

வீடு பெண்வழியில் போகும் என்பதை மறந்துவிட்டுத் தேடினால் தேடல் பாதியில் நின்றுவிடும். கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போவதும், வீடு மகளுக்குச் சேர்வதும் பழைய வழக்கம். கடையும் தோணியும் ஆண்மக்களுக்குப் போகும். வீடு தாயிடமிருந்து மகளுக்குப் போகும். ஆகையால் தகப்பனார் பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் ஒவ்வொரு தலைமுறையிலும் வீடு மாறிக்கொண்டே இருக்கும், குடும்பமே இடம்பெயர்ந்துவிட்டது போலத் தோன்றும். ஒரே வீட்டின் எல்லையைப் பிடித்துக்கொண்டு உம்மா, உம்மாவின் உம்மா என்று போனால் ஒவ்வொரு தலைமுறையிலும் அந்த வீட்டுக்கு வந்து சேர்ந்த மாப்பிள்ளையின் பெயரும் அவருடைய தகப்பனார் பெயரும் தாமாகவே கிடைக்கும். இதில் ஓர் இடைவெளி வரும்: வாய்மொழி ஹிபா (நன்கொடை) முஸ்லிம் சட்டத்தில் செல்லும் என்பதால் மகளுக்குக் கொடுத்ததற்குப் பதிவுப் பத்திரமே இல்லாதிருக்கலாம். அப்படியானால் அதற்குப் பிந்தைய அடைமானத்திலோ கிரயத்திலோ 'என் தகப்பனார் எனக்கு ஹிபாவாகக் கொடுத்து' என்ற வரியைத் தேடுங்கள். பள்ளிவாசல் நிக்காஹ் பதிவேடும் இங்கே துணை செய்யும்.

வக்ஃபுப் பத்திரத்தை, அதாவது சொத்தை அறக்கொடையாக ஒதுக்கும் பத்திரத்தை, நான் தனியாகக் குறிப்பிடக் காரணம் உண்டு. சொந்தச் சந்ததியாருக்குப் பயன்தரும் குடும்ப வக்ஃபு செல்லாது என்று 1894-இல் அப்போதைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்ததைத் தொடர்ந்து எழுந்த குறையைத் தீர்க்க 1913-இல் ஒரு சட்டம் வந்தது. அதன்பின் எழுதப்பட்ட குடும்ப வக்ஃபுகளில் பயன் பெறுவோர், அவர்களுக்குப் பின் யார், முத்தவல்லி (நிர்வாகி) பொறுப்பு எந்த வழியில் போகும் என்று வரிசையாக எழுதியிருப்பார்கள். வம்சாவளிக்கு இதைவிட நேரான ஆவணம் அரிது.

சங்கு வியாபாரம் பற்றி ஒரு சொல். பாக் நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் இராமநாதபுரம் ஜமீன் கரையை ஒட்டிய சங்குப் படுகைகள் ராஜாவின் உரிமையாகக் கருதப்பட்டு, வணிகர்களுக்குக் குத்தகைக்கு விடப்பட்டன. சங்குகள் வளையல் அறுக்க வங்காளத்துக்குப் போயின. அந்தப் படுகையிலிருந்து அனுமதியின்றிச் சங்கு எடுத்தது திருட்டாகுமா என்ற கேள்வி சென்னை உயர் நீதிமன்றம் வரை போய், 1904-ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுதியில் வெளிவந்திருக்கிறது. ஆகவே உங்களவர் குத்தகைதாரராகவோ குத்தகைதாரரின் வணிகப் பங்காளியாகவோ இருந்தால் ஜமீன் ஆவணங்களிலும், சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தின் வருவாய்த் துறைக் கோப்புகளிலும், அச்சான தீர்ப்புத் தொகுதிகளிலும் பெயர் வர வாய்ப்பு உண்டு. வணிகக் குடும்பங்கள் செய்திகளில் வந்ததைவிட வழக்குகளில் வந்ததே அதிகம்; வழக்குத் தொடுத்தவர் யார் மகன், யாருக்குப் பங்காளி என்பதைத் தீர்ப்பு விளக்கமாகவே சொல்லும்.

இத்தனைக்கும் பிறகுதான் செய்தித்தாள். அதிலும் செய்திகளைவிட்டு அறிவிப்புகளைத் தேடுங்கள். பங்கு வணிகம் கலைந்தாலோ ஒரு பங்காளி விலகினாலோ பொது அறிவிப்புத் தராவிட்டால், பின்னாளைய கடனுக்கும் அவரைப் பிடிப்பார்கள் என்பது 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்ட காலத்திலிருந்தே விதி. 1932-ஆம் ஆண்டுப் பங்காண்மைச் சட்டம் வந்தபோது, பதிவான நிறுவனங்களுக்கு அரசிதழிலும், அந்த ஜில்லாவில் புழங்கும் தாய்மொழிப் பத்திரிகை ஒன்றிலும் அறிவிப்பு வெளியிட வேண்டும் என்று வகுத்தார்கள். பணம் கொடுத்து, வக்கீலைக் கொண்டு எழுதுவித்த அறிவிப்பானதால் அதில் விலாசமும் தகப்பனார் பெயரும் பிழையின்றி இருக்கும். திவால் அறிவிப்புகளும் அப்படியே. 1929-க்குப் பிந்தைய பெருமந்த ஆண்டுகளில் அரசிதழ்ப் பக்கங்களில் அவை நிறைய. வீட்டில் யாரும் சொல்லாத கதையை அரசிதழ் சொல்லிவிடும் என்பதற்கு மனத்தைத் தயார்செய்துகொள்ளுங்கள்.

தமிழ் ஏடுகளில் சுதேசமித்திரன் 1882-இல் தொடங்கி 1899-இல் நாளேடானது. தினமணி 1934-இலும் தினத்தந்தி 1942-இலும் வந்தன. பா. தாவூத் ஷாவின் தாருல் இஸ்லாம் போன்ற இதழ்களில் நன்கொடைப் பட்டியல்களும் மதரஸா விழாச் செய்திகளும் வரும். கொடுத்தவர் பெயருக்குப் பக்கத்தில் 'கீழக்கரை, கொழும்பு வர்த்தகர்' என்றிருந்தால் அது போதும். பழைய தமிழ் ஏடுகளுக்குக் கன்னிமரா நூலகத்தையும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தையும் விசாரியுங்கள். எழுத்தைத் தேடும் மென்பொருள் இங்கே கைகொடுக்காது: 1978-இன் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ணா, றா, லை, னை வடிவங்களும் மங்கிய அச்சும் சேர்ந்து அதைக் குழப்பிவிடும். பத்திரத்திலிருந்து ஒரு மாதம் தெரிந்தால், அதை ஒட்டிய சில வாரத்து இதழ்களைக் கண்ணால் புரட்டுவதே வேகமான வழி.

கடலுக்கு அப்பால் நிலைமை வேறு, ஆவணங்களும் கூடுதல். இலங்கையில் 1840-ஆம் ஆண்டின் 7-ஆம் கட்டளைச் சட்டப்படி நிலக் கைமாற்றம் நொத்தாரிசு முன்தான் நடக்க வேண்டும். ஆகவே அங்கே பத்திரத்துக்கு அடையாளம் நொத்தாரிசின் பெயரும் அவர் இட்ட எண்ணும்தான். வணிகர் ஒருவர் கொழும்பில் சொத்து வைத்து இறந்தால், அதை நிர்வகிக்க மாவட்ட நீதிமன்றத்தில் மனு வரும். அதன் அறிவிப்பு இலங்கை அரசு வர்த்தமானியில் வெளிவரும். இறந்தவர், மனுதாரர், எதிர்மனுதாரர்களான மனைவி மக்கள் என்று ஒரு குடும்பம் முழுவதும் அந்தச் சிறு அறிவிப்பில் அடங்கிவிடும்; 'தென்னிந்தியா, கீழக்கரை' என்ற முகவரியும் இருக்கும். 1918-இல் வணிகப் பெயர்ப் பதிவுச் சட்டம் வந்ததால், உங்கள் கடை அதற்குப் பிறகும் நடந்திருந்தால் பங்காளிகளின் பெயர்கள் பதிவேட்டில் இருக்க வேண்டும். 1930-இல் தொடங்கிய வீரகேசரியிலும் 1932-இல் தொடங்கிய தினகரனிலும் கடை விளம்பரங்களைத் தேடலாம். ஈழத்துப் பழைய இதழ்கள் சில நூலகம் என்ற இணையத் தொகுப்பில் உள்ளன. குடும்பத்தின் ஒரு கிளை பினாங்குக்கோ சிங்கப்பூருக்கோ போயிருந்தால் சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் செய்தித்தாள் தளம் இலவசமாகவே திறந்திருக்கிறது. தமிழ் முரசு 1935 முதல் வருகிறது. தனுஷ்கோடியில் கிடங்கோ ஏஜென்சியோ வைத்திருந்தவர்கள் என்றால், 1914-இல் தலைமன்னார்க் கப்பல் தொடங்கியதற்குப் பிந்தைய ஆண்டுகளையும், 1964 டிசம்பர் புயலுக்கு அடுத்த வாரங்களையும் பாருங்கள்.

வள்ளல் சீதக்காதியின் வழிவந்தவர்கள் என்று உங்கள் வீட்டிலும் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். இந்தக் கரையில் அப்படிச் சொல்லாத பழைய வீடு குறைவு. அதை மறுக்கவும் வேண்டாம், அதிலிருந்து தொடங்கவும் வேண்டாம். 1865-க்கு முந்தைய காலத்துக்கு ஓலை, செப்பேடு, பள்ளிவாசல் கல்வெட்டு என்று வேறு வகைப் பயிற்சி தேவை, அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது: கட்டில் உள்ளவற்றில் மிகப் பழைய கிரயப் பத்திரத்தையும், பாகப்பிரிவினைப் பத்திரம் ஒன்று இருந்தால் அதையும் தனியே எடுத்து, முன்னும் பின்னும் படமெடுங்கள். ஒவ்வொன்றுக்கும் தேதி, பதிவு எண், புத்தகம், பக்கம், நான்கெல்லை, எழுதிக்கொடுத்தவர், பெற்றவர், சாட்சிகள், அடையாளம் காட்டியவர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். பாகப்பிரிவினைப் பத்திரத்தில் கொழும்புக் கடையின் பங்கு யாருக்குப் போனது என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்தத் தேதிக்கு முந்தைய இரண்டு ஆண்டுகளின் இலங்கை வர்த்தமானியில் தேடலைத் தொடங்குங்கள். பாகம் பிரிந்தது தகப்பனார் இறந்த பிறகாகத்தான் பெரும்பாலும் இருக்கும்.